கிலோவுக்கு எத்தனை பீஸ்?

ஆசிரியர் வேலை கிடைப்பதற்கு முன் நான்கு ஆண்டுகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த பீஸ்களில் குறை பார்க்கும் செக்கிங் பகுதியின் மேற்பார்வையாளராக இருந்தேன். அங்கே வேலை செய்த ஓர் அக்காவின் கைகள் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. பீஸை உள்பக்கமாகப் புரட்டி, தோள்பட்டை இணைப்பை இரு கைகளாலும் மெல்ல இழுத்துப் பார்ப்பார். ஒரே இடத்தில் தொடர்ந்து தையல் விட்டிருந்தால், அந்தப் பீஸை ஒதுக்கி வைப்பதோடு நிற்காமல், எழுந்து தையல் எந்திரங்கள் இருக்கும் பவர் டேபிளுக்குப் போய், ஓவர்லாக் டெய்லரிடம் நேரிலேயே காட்டி ஊசியை மாற்றச் சொல்லிவிட்டு வருவார். இதைச் செய்யும்படி அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் அவர் போய் வந்த நாள்களில் மறுதையலுக்குத் திரும்பும் பீஸ்கள் கண்கூடாகக் குறைந்தன.

பிறகு நிர்வாகம், மணிக்கு அதிகப் பீஸ் பார்ப்பவருக்கு மாதந்தோறும் பரிசு என்று அறிவித்தது. எண்ணிக்கையைப் பலகையில் எழுதும் பொறுப்பு எனக்கு. இரண்டாம் வாரத்திலேயே அக்கா இருக்கையை விட்டு எழுவதை நிறுத்திவிட்டார். கேட்டபோது, "எண்ணிக்கையப் பாக்கறதுங்களா, அங்க நடக்கறதுங்களா தம்பி?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த மாதப் பரிசு அவருக்கே கிடைத்தது. அவர் முகத்தில் பழைய தெளிவு மட்டும் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அந்தப் பலகை நினைவுக்கு வந்தது. படம் வரைவதை விரும்பும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதியே வரைந்தார்கள். சொல்லாமல் கொடுத்த பரிசு கெடுதல் செய்யவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கேடு பரிசில் இல்லை, அதற்காகவே வேலை என்று ஆகிவிடுவதில்தான் இருக்கிறது.

நேர்மறை உளவியல் என்றாலே சிரித்த முகத்தோடு இருக்கச் சொல்லும் பயிற்சி வகுப்பு என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். 1998-இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன் அதை முன்வைத்தபோது கேட்டது வேறு: நோயை மட்டுமே ஆராயும் உளவியல், மனிதர் நன்றாக வாழ்வது எதனால் என்பதையும் ஆராய வேண்டாமா? பணியிட ஈடுபாட்டைப் பற்றி ஆய்வாளர் வில்லியம் கான் 1990-இலேயே எழுதியிருந்தார். செய்யும் வேலைக்குப் பொருள் இருக்கிறது என்ற உணர்வு, மனத்தில் பட்டதைச் சொன்னால் கேடு வராது என்ற நம்பிக்கை, அதற்கான தெம்பு ஆகிய மூன்றும் இருந்தால்தான் ஒருவர் தம்மை முழுமையாக வேலையில் வைப்பார் என்பது அவர் கண்டது. அக்காவிடம் மூன்றும் இருந்தன. பலகை முதலாவதைப் பறித்துக்கொண்டது. ரெஸ்னெவ்ஸ்கி, டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-இல் எழுதிய கட்டுரையில், நோயாளிகளுக்கு உதவுவதையும் தம் வேலையாகவே கருதிய மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிப் படித்தபோது, பவர் டேபிளுக்கு நடந்துபோன அக்காவையே கண்டேன்.

இப்போது அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். தொடக்கத்தில் நானும் நோட்டில் நட்சத்திரம் ஒட்டியவன்தான்; இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிறுத்திவிட்டேன். ஷெர்னாஃபும் உடனாய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட, 526 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைப் பற்றிய ஆய்வு, சவாலும் திறனும் ஒருசேர உயர்ந்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் அதிகம் ஒன்றுகிறார்கள் என்று காட்டியது. என் பிள்ளைகளின் திறன் எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் பனியன் வேலைக்குப் போகிறவர்.

ஆகவே பரப்பளவுப் பாடத்துக்கு ஒரு டி-ஷர்ட்டை எடுத்துப் போனேன். முன்னும் பின்னும் 72-க்கு 52 செ.மீ., கைகள் 22-க்கு 40 செ.மீ. இரண்டு, துணி 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 180 கிராம். கிலோவுக்கு எத்தனை பீஸ் வரும்? வழக்கமாக ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பையன் முதலில் சொன்னான்: ஒரு பீஸ் ஏறக்குறைய 166.5 கிராம், ஆகவே ஆறு. வகுப்பும் ஆறுதான் என்று ஒப்புக்கொண்டது. மறுநாள் ஒரு மாணவி எழுந்து, "எங்கப்பா அஞ்சுதான் வருமுங்கறாருங்க சார், கட்டிங் வேஸ்ட் போகுமாமுங்க" என்றாள். பத்து விழுக்காடு வேஸ்ட் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பீஸுக்கு 183 கிராம் ஆனது, ஐந்துதான் வந்தது.

அடுத்த கணக்கு எது என்று அவர்களிடமே கேட்டேன். கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியை விட்டுவிட்டோம் என்று ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.