போடி – மூணாறு பாசஞ்சர்

சிலருக்குத் தபால்தலை, சிலருக்கு மாடித்தோட்டம், எனக்கு இல்லாத ரயிலுக்கு டைம்டேபிள் போடுவது. இந்த வாரம் போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு. சிரிக்காதீர்கள், மூணாறில் நிஜமாகவே ரயில் ஓடியிருக்கிறது, 1908 வாக்கில் போட்ட குண்டளைப் பள்ளத்தாக்கு நேரோகேஜ் (குறுகிய தண்டவாள) ரயில், தேயிலைப் பெட்டிகளை மலை மேலிருக்கும் டாப் ஸ்டேஷன் என்ற இடம் வரை கொண்டுபோய், அங்கிருந்து கயிற்றுப்பாதையில் கொட்டகுடிப் பக்கம் இறக்கி, அப்புறம் போடிக்கு. 1924 வெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. போடிக்கே அகலப்பாதை ரயில் வந்து சேர 2023 ஆனது, அது வேறு கதை.

சரி, என் கணக்குக்கு வருகிறேன். போடிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் உயர வித்தியாசம் 1,300 மீட்டருக்கு மேல். ஊட்டி ரயில் மாதிரி பல்சக்கரம் வைத்து 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றினாலும் குறைந்தது 16 கிலோமீட்டர் தண்டவாளம் வேண்டும், மலையோ சுவர் எழுப்பின மாதிரி நிற்கிறது. டிரேசிங் பேப்பரில் பென்சிலால் வளைத்து வளைத்துப் போட்டு, அழித்து, பேப்பரே கிழிந்துவிட்டது. பட்ஜெட், வனத்துறை அனுமதி எதுவும் என் டைனிங் டேபிள் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை, இந்தப் பொழுதுபோக்கின் சௌகரியமே அதுதான்.

இப்போது ஒரே குழப்பம், எதிரெதிரே வரும் ரயில்கள் ஒதுங்கி வழிவிடும் கிராசிங்கை குரங்கணியில் வைப்பதா கொட்டகுடியிலா? போடிக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.