இரவல் கொப்பி

எங்கள் காலத்தில் வாழ்க்கையின் நோக்கம் என்னவென்று எவரும் தேடித் திரிந்ததில்லை. உயர்தரத்தில் எந்தப் பிரிவு கிடைத்ததோ அதோடு நோக்கமும் சேர்ந்தே கிடைத்துவிடும். உயிரியல் என்றால் மருத்துவர், கணிதம் என்றால் பொறியியலாளர். வர்த்தகப் பிரிவுக்குப் போனவனிடம் அயலவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார்கள். கலைப்பிரிவுக்குப் போனவனின் தாயாரிடம் துக்கம் விசாரிப்பார்கள். எழுபதுகளில் அனுமதிப் புள்ளிகளை மொழி, மாவட்ட வாரியாகச் சீராக்கிய தரப்படுத்தல் வந்தபின் பல்கலைக்கழக வாசல் இன்னும் ஒடுங்கியது. வாசல் ஒடுங்க ஒடுங்க, அதற்குள் நுழைவதே பிறவிப்பயன் என்ற எண்ணம் எங்கள் வீடுகளில் இறுகிவிட்டது. இன்று ஐம்பதை நெருங்கும் வகுப்புத் தோழர்கள் ஒன்றுகூடலில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் "இனி என்ன மச்சான்?" என்று கேட்கிறார்கள். நுழைந்தவர்களும் கேட்கிறார்கள், நுழையாதவர்களும் கேட்கிறார்கள்.

பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது கல்லூரி நாட்களின் இனிய நினைவுகளை. துடுப்பாட்டம் பற்றியும் இல்ல விளையாட்டுப் போட்டி பற்றியும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் எழுதியும் வருகிறார்கள். நான் ஒரு சி.ஆர். கொப்பியை, அதாவது ஒரு பெரிய குறிப்பேட்டை, பற்றி எழுதுகிறேன்.

1995ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எறிகணை விழுந்து அப்பா இறந்துபோனார். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். செத்தவீடு, எட்டு, அந்தியேட்டி எல்லாம் முறைப்படி நடந்தன. நான் அழவில்லை. "பிள்ளை கல்லாகிவிட்டான்" என்று மாமி குசினிக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. கல்லாகவில்லை. உள்ளே ஏதோ இருந்தது, கை எட்டவில்லை, அவ்வளவுதான். பௌதிகப் புத்தகத்தைத் திறந்தால் முதல் வரியைத் தாண்ட மாட்டேன். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மறுமொழி சொல்ல வாய் வராது. வந்தவர்கள் எல்லோரும் "மனதைத் தேற்றிக்கொள், நீதான் இனி அம்மாவுக்குத் துணை" என்றார்கள். எதைப் பிடித்துத் தேற்றுவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமமே எழுந்து நடந்தது. அந்த மழையையும் நாவற்குழிப் பாலத்து நெரிசலையும் பலர் எழுதிவிட்டார்கள். நான் தாண்டிப் போகிறேன்.

குடாநாட்டின் கிழக்குப் பக்கத்துத் தென்மராட்சியில் எங்கள் கல்லூரி இன்னொரு பாடசாலையின் கட்டடத்தில் பின்னேர வகுப்பாக இயங்கத் தொடங்கியது. பௌதிகம் படிப்பித்த சேர், இடம்பெயர்ந்தபோது சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவை இரண்டு யூரியாப் பைகள். அரிசி இல்லை, உடுப்பு இல்லை. கடந்தகால வினாத்தாள்கள், பாடநூல்கள், தன் கையால் எழுதிய குறிப்புகள். (சேரின் மனைவி இதை நெடுங்காலம் மன்னிக்கவில்லை என்று கேள்வி. நியாயம் அவர் பக்கம்தான்.) 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் கடதாசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த இரண்டு பைகள்தான் நூலகம். 1981இல் எரிந்துபோன யாழ். பொது நூலகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் சேர் பேச்சை மாற்றிவிடுவார். அந்தப் பைகளைச் சுமந்து வந்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பி, உம்மைப் படிக்கச் சொல்லிக் கூப்பிடவில்லை. இந்தப் புத்தகங்கள் இரவல் போகவேண்டும், திரும்பியும் வரவேண்டும். கணக்கை நீர் வைத்திரும்."

கொப்பிக்குச் சீமெந்துப் பைக் கடதாசியால் உறை போட்டேன். அடிமட்டம் இல்லாததால் கேத்திரகணிதப் பெட்டியின் மூடியை வைத்துக் கோடு அடித்தேன். இலக்கம், புத்தகம், பெயர், முகவரி, எடுத்த திகதி, தரவேண்டிய திகதி. மற்ற நிரல்களுக்கு ஒரு விரலகலம் போதும். முகவரிக்குத்தான் அரைப்பக்கம் தேவைப்பட்டது. இடம்பெயர்ந்தவனுக்கு ஏது முகவரி? "மீசாலை, வாசிகசாலைக்குப் பின்னால், நீலத் தறப்பாள்." "கொடிகாமம் சந்தைக்குக் கிட்ட, பூட்டிய கடை விறாந்தை." "மட்டுவில், பெரியம்மா வீடு. சண்டை பிடித்தால் பள்ளிக்கூடம்." கடைசியாகச் சொன்னதை அந்தப் பெடியன் சொன்னபடியே எழுதினேன். அவர்கள் உண்மையிலேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள், பழைய முகவரியை வெட்டிப் பள்ளிக்கூடம் என்று எழுதவேண்டி வந்தது.

புத்தகம் திரும்பி வராவிட்டால் நான் சைக்கிளில் தேடிப் போகவேண்டும். அதுதான் வினை. படலையடியில் நின்று மணியடித்தால் ஆரென்று கேட்பார்கள். வாய் திறந்தே ஆகவேண்டும். சேர் அனுப்பினார் என்றால் ஆருடைய மகன் என்பார்கள். அப்பாவின் பெயரைச் சொன்னால் அவர் எங்கே இருக்கிறார் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி வரிசைக்குத் தப்பியவன் இல்லை. முதலில் அந்த இடத்தில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். பிறகு, புத்தகத்துக்காக அடுத்த பிள்ளை காத்திருக்கிறதே என்பதற்காக மறுமொழி சொல்லப் பழகினேன். "அப்பா செத்துப்போனார்" என்ற வாக்கியத்தை நான் முதன்முதலாகச் சொன்னது உறவினர் எவரிடமும் அல்ல. முன்பின் தெரியாத ஒருவரிடம், இரசாயனவியல் வினாத்தாள் கட்டு ஒன்றை மீட்கப் போன இடத்தில்.

அழுகை வந்தது இன்னும் பிந்தி. ஒரு கொட்டிலில் நான் கேட்ட புத்தகத்தை என்னைவிட இளைய ஒரு பையன் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நீட்டினான். அட்டையும் ஓரங்களும் இல்லை. ஆடு தின்றுவிட்டது. பிரயோக கணிதத்தின் எறியங்கள் அத்தியாயம் பாதிதான் மிச்சம். நான் அவனை ஏசத் தொடங்கினேன். ஏசிக்கொண்டிருந்தவன் எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியாது. பிறகு நிறுத்த முடியவில்லை. அவனுடைய தாய் பயந்துபோய் வெறும் தேத்தண்ணீரும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து தந்தார். நான் புத்தகத்துக்காகத்தான் அழுகிறேன் என்று நம்பிய அந்தப் பையன், தின்னப்பட்ட பக்கங்களை வேறொரு பிரதியைப் பார்த்து எழுதி, தைத்து ஒப்படைத்தான். அவனுடைய கையெழுத்து அச்சைவிடத் திறம்.

1996 சித்திரைக்குப் பிறகு ஊர் திரும்பினோம். சோதனை எடுத்தேன், பொறியியலுக்குப் புள்ளி போதவில்லை. கொழும்பு, பிறகு இலண்டன். இங்கே உளநலப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். முதன்முதலில் இதைச் சொன்னபோது ஒரு பழைய மாணவர் "டாக்குத்தருக்குப் படிக்கிறீரோ?" என்றார். இல்லை, தாதி என்றேன். எங்கே என்றார். உளநலப் பிரிவு என்றதும், கொழும்புக்கு அருகிலுள்ள மனநோய் மருத்துவமனையை நினைத்து, "அங்கொடை மாதிரியா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்கு நகர்ந்தார். எங்களவர்களுக்குத் தலையிடி இருக்கலாம், நெஞ்செரிவு இருக்கலாம், நித்திரை இல்லாமல் இருக்கலாம். மனச்சோர்வு மட்டும் இருக்கக்கூடாது.

வேலைக்கு வந்தபின்தான் சேர் செய்ததற்கு இங்கே ஒரு சிகிச்சைமுறை இருப்பதை அறிந்தேன். மனம் சரியாகட்டும், பிறகு எழும்புவோம் என்று காத்திருக்காமல், செய்யக்கூடிய ஒரு காரியத்தை நாளுக்குள் வைத்துவிடுவது. மனம் பின்னால் வரும். எழுபதுகளில் பீற்றர் லூயின்சோன் என்ற அமெரிக்க உளவியலாளர் வளர்த்த வழி இது. 2016இல் 'லான்செற்' மருத்துவ இதழில் இங்கிலாந்து ஆய்வு ஒன்று வெளிவந்தது. மனச்சோர்வுள்ள 440 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் சிகிச்சையைத் தேர்ந்த உளச்சிகிச்சையாளர்களும், மறு பிரிவுக்கு இந்த எளிய முறையை இளநிலைப் பணியாளர்களும் வழங்கினார்கள். எளிய முறை பின்தங்கவில்லை, செலவும் குறைவு. யாழ்ப்பாணத்திலும் சாந்திகம் என்ற நிறுவனம் 1987 முதல் உளவளத்துணை செய்துவந்தது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் சேர் எந்தப் பயிற்சிக்கும் போனவரல்ல. அவருக்குப் புத்தகம் திரும்பி வரவேண்டும், என்னையும் கவனித்திருந்தார்.

இதை வைத்துக்கொண்டு "வேலை செய், எல்லாம் சரியாகிவிடும்" என்று யாரும் புறப்பட வேண்டாம். மருந்து தேவைப்படுபவர்களுக்கு மருந்துதான் தேவை. அவர்கள் மருத்துவரிடம் போகவேண்டும். வேலைக்குள் ஒளிந்துகொள்கிறவர்களையும் எனக்குத் தெரியும். பகலில் ஒரு வேலை, இரவில் பெற்றோல் நிலையத்தில் இன்னொன்று என்று உழைத்து, பிள்ளையோடு ஒருவேளை சோறு உண்ணாமல் ஓய்வுக்கு வந்துவிட்டவர்கள். அந்த உழைப்பு அவர்களை ஒருவரிடமும் கொண்டுபோகவில்லை. கொப்பி என்னைப் படலை படலையாகக் கொண்டுபோனது. "இனி என்ன மச்சான்?" என்று கேட்கும் நண்பர்களிடம் நான் நோக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. உன்னை எதிர்பார்த்துக்கொண்டு இந்தக் கிழமை யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்பேன். சிலருக்குக் கோபம் வரும்.

நமது சங்கம் வறிய மாணவர்களுக்கு உதவிப்பணம் அனுப்பிவருகிறது. நல்ல காரியம். அதோடு ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பொறுப்பையும் கொடுக்கும்படி கல்லூரியைக் கேட்கலாம் என்பது என் யோசனை: நூலகத்தின் இரவல் பதிவேடு, விடுதித் தோட்டம், வாசிக்கச் சிரமப்படும் சிறிய வகுப்புப் பிள்ளை ஒன்று, இப்படி ஏதாவது. "உதவி கொடுத்துவிட்டு வேலை வாங்குவதா?" என்று பொருளாளர் தொலைபேசியில் கொதித்தார். நியாயமான கேள்விதான். அதனால் பணம் பெறாத பிள்ளைகளுக்கும் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்று திருத்தியிருக்கிறேன். பணத்துக்கும் பொறுப்புக்கும் முடிச்சுப் போடக்கூடாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் பிரேரணையை நானே முன்மொழிகிறேன். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். எதிர்த்துப் பேச ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.