ஒண்ணும் இல்லம்மா

"ஒண்ணும் இல்லம்மா" என்றுதான் சொன்னேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதை வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உசிலம்பட்டி சாலையில், செக்கானூரணி தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமம். ஆரோக்கியமாக இருக்கும் கைக்குழந்தைகளின் மூக்கில், நிமோனியாவை உண்டாக்கக்கூடிய நிமோகாக்கஸ் என்ற கிருமி எப்போது குடியேறுகிறது, அதில் எந்தெந்த வகைகள் என்று பார்க்கும் ஆய்வு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அதே வீடுகளுக்குப் போவோம். அந்தக் குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். மெல்லிய கம்பி வைத்த பஞ்சுக் குச்சியை மூக்கு வழியாக, மூக்குக்கும் காதுக்கும் உள்ள தூரத்தில் பாதி அளவுக்கு உள்ளே விட வேண்டும். குழந்தை வீறிட்டு அழும். அழுகையை அடக்கித் தோளில் போட்டுக்கொண்டு அந்த அம்மா கேட்டார்:

"போன தடவ எடுத்துட்டுப் போனீங்களே டாக்டரம்மா, என்ன இருந்துச்சு?"

என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். கிருமியை வளர்த்துப் பார்க்கும், ஆட்டு ரத்தம் கலந்த அகார் தட்டில் பச்சை படர்ந்த வட்டங்கள், பல்லாங்குழி மாதிரி நடுவில் குழிந்த சின்னச் சின்னப் புள்ளிகள். நிமோகாக்கஸை வளரவிடாத ஆப்டோசின் மருந்து வில்லையைச் சுற்றி 14 மில்லிமீட்டருக்கு மேல் தெளிவான வளையம். சந்தேகமே இல்லாத நிமோகாக்கஸ். அந்த வாரத் தட்டுகளை நானேதான் படித்தேன்.

தனித்தனிக் குழந்தையின் முடிவைப் பெற்றோரிடம் சொல்வதில்லை என்பது ஆய்வின் விதி. ஒப்புதல் படிவத்திலேயே இருந்தது. அந்த அம்மா அதை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். காரணமும் வலுவானது. நம் ஊர்க் கைக்குழந்தைகளில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு நேரத்தில் மூக்கில் இந்தக் கிருமியைச் சுமப்பார்கள், பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. வரும், சில வாரம் இருக்கும், போகும். அதற்கு மருந்து கொடுத்தால் இந்தக் கிருமி போய், மருந்துக்கு அடங்காத இன்னொன்று வந்து உட்காரக்கூடும்.

உண்மையைச் சொல்லியும் பார்த்திருக்கிறேன். அதே தெருவில் அதற்குச் சில மாதம் முன்னால் இன்னொரு வீட்டில், "கிருமி இருக்கும்மா, ஆனா பயப்பட வேண்டியதில்ல, மருந்தும் வேண்டாம்" என்று கால் மணி நேரம் உட்கார்ந்து விளக்கினேன். அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்காரர் மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் சிரப் வாங்கி வந்து, ஒரு தொந்தரவும் இல்லாத குழந்தைக்கு ஐந்து நாள் ஊற்றியிருக்கிறார். மூத்த பிள்ளைக்கும் சேர்த்து. அவரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை மூக்கில் கிருமி என்று தெரிந்த பிறகு எந்தத் தகப்பன் சும்மா இருப்பார்? அதற்கப்புறம்தான் கேட்பவர்களிடம் "ஒண்ணும் இல்ல" என்று சொல்லப் பழகினேன்.

நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. விழுந்து அழும் பிள்ளையைத் தூக்கி "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்கிறோம். முட்டியில் ரத்தம் வந்துகொண்டுதான் இருக்கும். பயப்படாதே என்று அதற்குப் பொருள். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்ல" என்றால் அது காலி. நான் முதல் பொருளில் சொன்னேன். அந்த அம்மா கேட்டதோ இரண்டாவது பொருளுக்கான கேள்வி. என்ன இருந்துச்சு என்றுதானே கேட்டார். அந்தக் கேள்விக்கு என் பதில் பொய். எனக்கு வசதியான பொய் என்பது அப்போதே உள்ளுக்குள் தெரியாமலா இருந்தது?

பதினாறு நாள் கழித்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. இருமல். கற்பூரவல்லிச் சாறு கொடுத்து மூன்று நாள் வீட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். நாலாம் நாள் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி, சிரப். ஆறாம் நாள் மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழ ஆரம்பித்ததும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். வலது பக்க நெஞ்சில் சீழ். குழாய் போட்டு எடுத்தார்கள்.

எங்கள் களப்பணியாளர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வார்டுக்குப் போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கோபமே இல்லை. யாரிடமோ நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார்:

"நீங்கதான் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னீங்களே, அதான் சளிதானேன்னு இருந்துட்டேன் டாக்டரம்மா."

நான் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை. பிஎச்டி பட்டத்தால் வந்த டாக்டர். அந்த ஊரில் யாரிடமும் அதைத் திருத்திச் சொன்னதில்லை. திருத்தினால் வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று இல்லை. ஒவ்வொரு வாசலிலும் அதை விளக்க நேரமில்லை என்று நினைத்தேன். ஆனால் அவர் மூன்று நாள் காத்திருந்தது லேபில் கிருமி பார்க்கும் மைக்ரோபயாலஜிஸ்ட் சொன்ன சொல்லுக்காக இல்லை, டாக்டரம்மா சொன்ன சொல்லுக்காக.

எனக்கு அந்தச் சீழில் என்ன வளர்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் போல இருந்தது. எதுவும் வளரவில்லை. ரத்தத்திலும் இல்லை. ஏற்கெனவே போட்ட ஊசி கிருமியைக் கொன்றிருக்கும். குழந்தைகளின் மாதிரிகளில் நாங்கள் தினமும் பார்ப்பதுதான் இது. பிசிஆர் செய்திருந்தால் செத்த கிருமியின் மரபணுவாவது சிக்கியிருக்கும். நான் போய்க் கேட்ட நேரத்தில் சீழ் மீதி இல்லை. நம் பக்கத்தில் இப்படி நெஞ்சில் சீழ் கட்டுவதற்கு ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற வேறொரு கிருமியும் பெரிய காரணம். ஆக, நான் தட்டில் பார்த்த கிருமிக்கும் குழந்தையின் நோய்க்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். இதை நினைத்து ஆறுதல்பட்ட நாட்கள் உண்டு. அந்த ஆறுதலுக்காக வெட்கப்பட்ட நாட்களும் உண்டு. எந்தக் கிருமியாக இருந்தால் என்ன? மூன்று நாள் காத்திருந்தது என் சொல்லால்தானே?

சில மாதம் கழித்து வகை பிரிக்கும் வேலை முடிந்தது. நிமோகாக்கஸில் நூறு வகைக்கு மேல் உண்டு, அதன் மேலுறையை வைத்துப் பிரிப்போம். அந்தக் குழந்தையிடம் ஐந்தாம் மாதம் இருந்தது ஒரு வகை. ஏழாம் மாதம், அதாவது நான் அந்த வார்த்தையைச் சொன்ன அன்று எடுத்த குச்சியில் இருந்தது வேறு வகை. புதிதாக ஒரு வகை குடியேறிய முதல் சில வாரங்களில்தான் நோயாக மாறும் வாய்ப்பு அதிகம் என்று பாடமே எடுத்திருக்கிறேன். அன்று அந்த வாசலில் நின்றபோது அது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. குச்சி இன்னும் ஐஸ் பெட்டிக்குள்கூடப் போகவில்லை. இதை எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை.

அப்போது நிமோகாக்கஸ் தடுப்பூசி தனியாரிடம் மட்டும்தான். ஒரு ஊசியே ஆயிரக்கணக்கில். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதே கொடுமை என்று நினைத்து நான் வாய் திறக்கவில்லை. 2021இல் அது நாடு முழுக்க இலவசமாக வந்தது. ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம். எந்த வகைகளைத் தடுப்பூசியில் சேர்ப்பது என்று முடிவு செய்ய, எங்களுடையது போன்ற ஆய்வுகளின் எண்கள்தான் வேண்டும். மதுரையிலிருந்து நடந்த வேலையில் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. பிறந்த உடனே வைட்டமின் ஏ கொடுத்தால் நிமோகாக்கஸ் குடியேறுவது தள்ளிப்போகிறது என்ற கட்டுரை 2001இல் வந்தது. அதை வாசித்துத்தான் நான் இந்தத் துறைக்கு வந்தேன். அதனால் குச்சி எடுத்தது வீண் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். முடிவைச் சொல்லாத விதியும் சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் விதி என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. "அத நாங்க சொல்றதில்லம்மா" என்று சொல்லியிருக்கலாம். அதோடு, மூச்சு வேகமாக வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் நாங்கள் என்ன சொன்னோம் என்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று இரண்டு வாக்கியம். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு ஐம்பதோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் அது சாதாரணச் சளி இல்லை. கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். அந்த அம்மாவுக்கு எண்ணக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அன்று இன்னும் ஒன்பது வீடு பாக்கி இருந்தது. மத்தியானத்துக்குள் குச்சிகள் லேபுக்குப் போக வேண்டும்.

குழந்தை பிழைத்துவிட்டான். மூன்று வாரத்துக்குப் பின் வீடு திரும்பினான். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கதை அங்கேயே முடிந்துவிடும் என்று மற்றவர்கள் என்னிடம் சொல்வதால் தள்ளிப்போட்டேன். "பையன் நல்லாத்தானே இருக்கான், விடுங்க மேடம்" என்பார்கள்.

ஒரு வயதில் கடைசிக் குச்சி எடுக்கப் போக வேண்டியிருந்தது. விலகிக்கொள்ளலாம், கட்டாயமில்லை என்று வாசலிலேயே சொன்னேன். அந்த அம்மா பதில் சொல்லாமல் பிள்ளையை மடியில் கிடத்தி, தலையைத் தானே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விலாவில் குழாய் போட்ட தழும்பு சட்டை விலகித் தெரிந்தது. எடுத்தேன். குச்சியைக் குப்பியில் போட்டு மூடி, எண் எழுதினேன். அவர் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலைப் பஸ்ஸில் வரும்போதே தயார் செய்து வைத்திருந்தேன். பெட்டியை மூடிவிட்டும் நின்றேன்.

"வெயிலா இருக்கே, மோர் குடிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.