அன்னபேதியும் வாதுமை இலையும் நீச்சல் குளத்தில் சேர்ந்தபோது

சிங்கப்பூரில் தரைவீட்டு நீச்சல் குளம் என்றால் ஓடு பதித்த குளம்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். எங்கள் வீட்டில் இருப்பது வினைல் லைனர், அதாவது நெகிழி விரிப்பு, விரித்த குளம். முன்பிருந்த உரிமையாளர் போட்டுவிட்டுப் போனது. ஏறத்தாழ 27,000 லிட்டர் பிடிக்கும். கை வீசி நீந்துகிறவர்கள் தொடங்கியவுடனே மறு சுவரைத் தொட்டுவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அது போதும். லைனரில் கறை படிந்தபோதுதான் தெரிந்தது, இங்கே கிடைக்கும் ஆலோசனை முழுவதும் ஓட்டுக் குளத்துக்கானது என்று.

பராமரிப்புக்கு வந்த ஒருவர், நீரை முழுக்க இறைத்துவிட்டு அமிலத்தால் கழுவிவிடலாம் என்று சொல்லி, விலையும் சொல்லிவிட்டார். ஓட்டுக்கு அது பொருந்தலாம். லைனரைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருப்பது நீரின் பாரம். அதை எடுத்துவிட்டால் பழைய வினைல் சுருங்கும், மீண்டும் நிரப்பும்போது மூலையில் கிழியும். போதாததற்கு, மழை மாதங்களில் நிலத்தடி நீர் உயர்ந்து அடியிலிருந்து லைனரைத் தூக்கிவிடும். தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தோம்.

கறை ஒன்றாக இருந்திருந்தால் வேலை எளிது. எங்களிடம் நான்கு நிறங்கள் இருந்தன. நீர் உள்ளே வரும் துளையைச் சுற்றி நீலப்பச்சை. படிக்கட்டுப் பக்கம் துருப்பழுப்பு. அதை ஒட்டித் தரையில் கறுப்புத் திட்டுகள், உற்றுப் பார்த்தால் இலை வடிவம் தெரியும். ஆழமான மூலையில் இளஞ்சிவப்பாக ஒரு தடம்.

எதையும் குளத்தில் கொட்டுவதற்கு முன் கறையிடமே கேட்டுவிடலாம். வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பழுப்புக் கறைமீது வைத்து அரை நிமிடம் அழுத்தினேன். மாத்திரையின் வட்டத்துக்குள் லைனரின் பழைய நீலம் அப்படியே எட்டிப் பார்த்தது. அப்படி வெளுத்தால் அது இரும்பு. இலைக்கறைக்குச் சோதனை வேறு: நீரில் நன்றாகக் கரைத்த குளோரினைக் கறைமீது சிறிது விட வேண்டும். குளோரின் தூளையோ வில்லையையோ நேராக வினைல்மீது வைத்தால் கறையோடு லைனரின் நிறமும் போய்விடும். இரண்டு சோதனைகளையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. குளோரின் தூளும் அஸ்கார்பிக் அமிலமும், அதாவது வைட்டமின் சியும், நேருக்கு நேர் கலந்தால் சூடேறிப் பொங்கும், நச்சுப்புகை வரும்.

கறுப்புத் திட்டுதான் என்னைக் குழப்பியது. குளோரின் பட்டதும் மறையவில்லை, பழுப்பாக மாறி நின்றது. நன்றாக அலம்பிவிட்டு, அந்தப் பழுப்பின்மீது மறுநாள் மாத்திரையை வைத்தேன், போய்விட்டது. அப்படியானால் அதில் இலையும் இருந்தது, இரும்பும் இருந்தது.

இலை எங்கிருந்து வருகிறது என்பதில் ஐயமில்லை. வேலிக்கு அப்பால் நிற்கும் நாட்டு வாதுமை, இங்கே எல்லோரும் கெத்தாப்பாங் என்று சொல்லும் மரம், சிவந்த இலைகளைக் கூடைகூடையாக உதிர்க்கும். சண்டை மீன் வளர்ப்பவர்கள் அதன் காய்ந்த இலையைத் தொட்டியில் போட்டு நீரைத் தேநீர் நிறமாக்குகிறார்கள். டானின் என்ற துவர்ப்புப் பொருள் அவ்வளவு அதில் இருக்கிறது. ஆனால் இரும்பு? குழாய் நீரில் கறை பிடிக்கும் அளவுக்கு இரும்பு கிடையாது. குளத்தில் ஆணி, கொண்டை ஊசி எதுவும் கிடக்கவில்லை.

படிக்கட்டுப் பக்கம் அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டிகள் வரிசையாக இருந்தன.

"இதற்கு என்னம்மா போடுகிறீர்கள்?"

"அன்னபேதிதான். ஊரில் எல்லோரும் போடுவதுதானே? இலை எப்படிக் கரும்பச்சையாக இருக்கிறது, பார்."

அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். பெருமழை கொட்டும்போதெல்லாம் தொட்டி வழிந்து, தரை வழியாகக் குளத்துக்குள் இறங்கியிருக்கிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு மை செய்தது நம் பழைய வழக்கம். கடுக்காயும் நாட்டு வாதுமையும் டெர்மினாலியா என்ற ஒரே பேரினத்து மரங்கள். ஆக, அந்த மைதான் எங்கள் குளத்தின் அடியில் தானாகவே தயாராகிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் இதை விளக்கியபோது அவருக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது.

வைத்தியத்துக்கு வருகிறேன். அஸ்கார்பிக் அமிலத் தூளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 38,000 லிட்டருக்கு 450 கிராம். எங்கள் குளத்துக்கு 320 கிராம் கணக்கானது. அதற்கு முன் குளோரின் கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கு இறங்க வேண்டும். இல்லையென்றால் குளோரினும் அமிலமும் ஒன்றையொன்று தின்றுவிடும், கறை அப்படியே நிற்கும். குளோரினை வெயிலிலிருந்து காக்கும் நிலைப்படுத்தி நீரில் அதிகம் இல்லாததால் வெயிலே அந்த வேலையைச் செய்துவிட்டது. இந்த இடைவெளிதான் இந்த ஊரில் ஆபத்தானது. 30 பாகை வெப்பத்தில் குளோரின் இல்லாத நீர் பச்சையாக மாற அதிக நேரம் பிடிக்காது. கொசுவுக்கும் இடம் கொடுக்கக் கூடாது. தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். அதனால் பம்ப்பை நிறுத்தவே இல்லை. செம்பு கலக்காத பாலிகுவாட் பாசிக்கொல்லியை முன்கூட்டியே விட்டிருந்தேன்.

தூளைக் கறைகளுக்கு மேலாகத் தூவியதும் பழுப்பு கண்ணெதிரே கரைந்தது. இதோடு முடிந்தது என்று நினைத்து விட்டுவிட்டால் கறை திரும்பும். இரும்பு எங்கும் போய்விடவில்லை, நீரில்தான் கரைந்திருக்கிறது. அதைப் பிடித்து வைக்க பாஸ்போனேட் வகைத் திரவம் ஒன்றை உடனே சேர்க்க வேண்டும். பிறகு தாழ்ந்துபோன பிஎச் அளவையும் குளோரினையும் பொறுமையாக, சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் இரும்பு மறுபடியும் லைனரிலேயே படியும். மிச்சமிருக்கும் அஸ்கார்பிக் அமிலம் முதலில் போடும் குளோரினை விழுங்கிவிடுவதால், சோதனைத் தாளில் நிறமே ஏறாது. பயப்படத் தேவையில்லை. நிறம் ஏறும்வரை பிள்ளைகளை இறங்க விடவில்லை. என் பொறுமையைச் சோதித்தது அதுதான். குளோரின் மீண்டும் ஏறிய பிறகு கறுப்புத் திட்டுகளில் மிச்சமிருந்த இலைச்சாயமும் வெளுத்தது.

நீலப்பச்சை பாதிதான் மசிந்தது. முன்பு விட்ட பாசிக்கொல்லியில் மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட், இருந்ததைப் புட்டியைப் படித்துத் தெரிந்துகொண்டேன். சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில் துணியை நனைத்துத் தேய்க்கத் தேய்க்க மெல்ல மங்கியது. கம்பித் தூரிகை லைனருக்கு ஆகாது.

இளஞ்சிவப்புக்கு எதுவும் பலிக்கவில்லை, பலிக்கவும் செய்யாது. அது லைனருக்குப் பின்னால் வளரும் நுண்ணுயிர்களின் நிறமி, வினைலுக்குள்ளேயே ஊறி வருவது. மேலிருந்து எதைத் தேய்த்தாலும் வீண். லைனரை மாற்றினால்தான் போகும். ஆழத்து மூலையில் ஒரு தடத்துக்காக அவ்வளவு செலவழிக்க எனக்கு மனமில்லை.

கறிவேப்பிலைத் தொட்டிகள் இப்போது வாசல் பக்கம், வடிகால் வேறு திசையில் ஓடும் இடத்தில் இருக்கின்றன. பாஸ்போனேட்டைக் குளோரின் நாளடைவில் சிதைத்துவிடுவதால், அதை மாதந்தோறும் சிறிதளவு விடுகிறேன். வாதுமை இலையை அரித்தெடுப்பது பிள்ளைகளின் பொறுப்பு. நீந்த வேண்டுமானால் முதலில் வலையைக் கையில் எடுக்க வேண்டும்.