பதினைந்து நிமிடக் கருத்தரங்கும் ஒன்றரை மணி நேரப் பயிலரங்கும்

அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தவர் யாரும் மேடையேறாமல் முடிக்க முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2016 விதிமுறைப்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு கருத்தரங்குகளிலாவது கட்டுரை வாசித்திருக்க வேண்டும்; ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறை இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. நான் பதிவு செய்தது பழைய விதியின் கீழ் என்பதால் எனக்கு இரண்டும் உண்டு. எந்த விதியானாலும், சமர்ப்பிக்கும் முன் துறையின் ஆசிரியர்களும் மற்ற ஆய்வாளர்களும் கேட்க ஒரு முறை பேசியே ஆக வேண்டும்.

என் ஆய்வு தமிழ்நாட்டுக் கிராம சபைகள் பற்றியது. அதில் ஓர் அத்தியாயம் எப்படித் தேறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது ஆய்வில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் கட்டுரை வாசிக்கப் போனது வெளியூர்க் கல்லூரி ஒன்றின் தேசியக் கருத்தரங்கு. முந்நூறு சொல்லில் சுருக்கம் அனுப்பினேன், ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்தது, பதிவுக் கட்டணம் கட்டினேன். குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிய நண்பகல் ஆகிவிட்டது. மதியம் ஒரே நேரத்தில் பல அறைகளில் அமர்வுகள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று போட்டிருந்தது ஐந்தாகச் சுருங்கியது. என் அறையில் இருந்தவர்கள் அடுத்து வாசிக்க வேண்டியவர்கள் மட்டுமே; அவரவர் ஸ்லைடை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நன்று, தொடருங்கள்” என்றார் அமர்வுத் தலைவர். மாலையில் சான்றிதழ் வாங்கினேன், விதி நிறைவேறியது. பல மாவட்டங்களிலிருந்து காசு செலவழித்து, இரவுப் பேருந்தில் வந்திருந்த ஆய்வாளர்களின் உழைப்பை ஒருவரும் படிக்காமலேயே அந்த நாள் முடிந்தது எனக்கு ஆறவே இல்லை.

துறையில் நாங்கள் சில ஸ்காலர்கள் சேர்ந்து துறைத் தலைவரிடம் (ஹெச்.ஓ.டி.) போய், ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்து வந்து பேசும் பயிலரங்குக்காகப் புதன்கிழமை மதியங்களில் நூலகத்து மேசையைக் கேட்டது அதன் பிறகுதான். “நிதியெல்லாம் கிடையாதும்மா” என்றார். நிதி தேவையில்லை, அறை போதும் என்றோம்.

நடைமுறை இதுதான். எழுதி முடியாத அத்தியாயத்தை இரண்டு வாரம் முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். படிக்காமல் வருபவர் அன்று கேட்க மட்டும் செய்யலாம். எழுதியவர் ஐந்து நிமிடம்தான் பேசுவார். கட்டுரை என்ன சொல்கிறது, எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று எடுத்து வைப்பவர் வேறொருவர், அதுவும் அந்தத் தலைப்புக்கு வெளியே ஆய்வு செய்பவர். பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் கேள்விகள். ஆய்வாளருக்குப் பதிலாக அவருடைய நெறியாளர் பதில் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி விதியை ஏற்க வைக்கத்தான் சிரமப்பட்டோம். ஆனால் நெறியாளர் குறுக்கே வராதபோது மாணவர் தன் வாதத்தைத் தானே தாங்கிப் பேசுகிறார். ஒரே பருவத்தில் அந்த மாற்றம் எங்கள் எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிந்தது.

என் முறை வந்தபோது அத்தியாயம் முழுக்க வருகை பற்றியதாக இருந்தது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றிருந்த கிராம சபை நாட்களோடு 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்தன. நாட்கள் கூடியதால் மக்கள் பங்கேற்பு கூடியதா என்பது என் கேள்வி. ஊராட்சிகளின் தீர்மானப் பதிவேடுகளில் உள்ள கையெழுத்துகளை எண்ணி அட்டவணை போட்டிருந்தேன்.

கட்டுரையை எடுத்து வைத்தவர் இந்தியப் பெருங்கடல் பாதுகாப்பில் ஆய்வு செய்யும் ஓர் அக்கா. கிராம சபைக்கு அவர் போனதே இல்லை. அதனாலேயே யாரும் கேட்காததைக் கேட்டார்: “ஐந்நூறு பேருக்குள் இருக்கிற ஊராட்சிக்கு ஐம்பது பேர், மூவாயிரம் வரை நூறு பேர், பத்தாயிரம் வரை இருநூறு, அதற்கு மேல் முந்நூறு வந்தால்தான் கூட்டம் செல்லும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. உங்க பதிவேட்டில் பல ஊர்களில் கையெழுத்து அந்த வரம்பைச் சற்றே தாண்டி நிற்குதே, அது வருகையா, வரம்பா?”

மேசையைச் சுற்றி எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை வேலையிடத்திலிருந்து அப்படியே கூட்டத்துக்கு அழைத்து வருவதைப் பார்த்த ஒருவர் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள், போடாமல் ஓரமாக நின்று கடைசிவரை கேட்கிறவர்கள் இருவரும் பதிவேட்டில் தலைகீழாகத் தெரிகிறார்கள் என்றார் இன்னொருவர். ஊராட்சிச் செயலாளரின் பக்கத்திலிருந்தும் பார்க்கச் சொன்னார் ஒரு பேராசிரியர். வரம்பு எட்டாவிட்டால் கூட்டத்தை மறுபடி கூட்ட வேண்டிய பாடு அவருக்குத்தானே.

அப்புறம் மதுரைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மேடம் பேசினார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய, தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தலைவர் இல்லாமல் போனதையும் 2006-இல்தான் தேர்தல் நிலைத்ததையும் சொல்லிவிட்டு, “தலைவர் தேர்வாகிவிட்டார், சரி. கூட்டத்தில் எங்கே உட்கார்ந்தார்? உங்கள் கட்டுரையில் நாற்காலியே இல்லையே” என்றார். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த செய்தி எல்லோருக்கும் நினைவிருந்தது. அன்று நான் எழுதிக்கொண்ட குறிப்புகளில் பெரிய எழுத்தில் இருப்பது அந்தக் கேள்விதான்.

இவ்வளவும் தமிழில் நடந்தது. துறைக் கூட்டங்கள் வழக்கமாக ஆங்கிலத்தில்தான். கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தாலும் கேள்வி எந்த மொழியிலும் இருக்கலாம் என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டோம். ஊரில் கிராம சபை பார்த்து வளர்ந்த எம்.ஏ. மாணவர்கள் அதனால்தான் வாய் திறந்தார்கள். அவர்கள் சொன்னதில் பாதியை எந்த நூலிலும் நான் படித்ததில்லை.

அன்றிரவே, சூடு ஆறும் முன், கேட்ட எல்லாவற்றையும் யார் சொன்னார் என்பதோடு எழுதி வைத்தேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து நமக்குப் பிடித்த கேள்விகள் மட்டும்தான் நினைவில் நிற்கும். அடுத்து வந்த கிராம சபைகளுக்கு நேரில் போனேன். யார் பேசினார், எவ்வளவு நேரம், யாருடைய கோரிக்கை தீர்மானமாக எழுதப்பட்டது, யார் நாற்காலியில், யார் பாயில் என்று குறித்தேன். அத்தியாயத்தின் தலைப்பே மாறியது. கையெழுத்து அட்டவணை போகவில்லை. பங்கேற்புக்குச் சான்றாக இருந்தது இப்போது வரம்பு விதி செயல்படும் விதத்துக்குச் சான்றாகிவிட்டது.

சமர்ப்பிப்புக்கு முந்தைய பொது அமர்வில் வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் முதலில் கேட்டதே பதிவேட்டை எப்படி நம்புவது என்றுதான். நேரில் குறித்ததையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மற்றக் கேள்விகள் மேற்கோள் முறை, பிழைதிருத்தம் பற்றியவை, விரைவில் முடிந்தன.

உங்கள் துறையில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைத்தால் நாலைந்து பேர் போதும். முதல் கட்டுரையை மூத்த ஆய்வாளர் ஒருவர் தரட்டும். புதியவரை முதலில் நிறுத்தினால் மற்றவர்கள் பயந்துவிடுவார்கள். பேச்சாளருக்குச் சான்றிதழ் தேவையென்றால் துறையின் தாளில் ஹெச்.ஓ.டி. கையெழுத்தோடு தரச் சொல்லுங்கள். ஆனால் அதைக் கருத்தரங்குக் கணக்கில் உங்கள் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளுமா என்று ஆய்வுப் பிரிவில் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் இடத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. அதை மாற்றக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.