தீக்காயக்காரரைப் பத்தியத்தில் போடாதீர்கள்

படகு எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றும்போது தீப்பிடித்து, என் தம்பியின் நெஞ்சும் இரண்டு கைகளும் வெந்துபோயின. திருக்கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "மீன், முட்டை குடுக்காத பிள்ள, கிரந்தி. புண் சீழ் வைக்கும்." பெரியம்மாவும் அன்போடுதான் சொன்னார். ஆனால் பெரிய தீக்காயத்துக்கு இந்தப் பத்தியம் ஆகவே ஆகாது.

படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் அந்த உடம்பு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு, சிலவேளை இரண்டு மடங்கு சக்தியைச் செலவழிக்கும். சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் சொந்தத் தசையையே கரைத்து எடுத்துக்கொள்ளும். தம்பியின் தொடைகள் சூம்பியதைக் கண்ணால் பார்த்தேன். அங்கே நெருப்புப் படவே இல்லை.

பெரிய தீக்காயம் பட்ட வளர்ந்தவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் புரதம் வேண்டும். தம்பி 60 கிலோ. அப்படியென்றால் 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான். வலியோடு கிடக்கிறவன் எத்தனை முட்டை தின்பான்? அதனால்தான் டொக்டர்மார் புரத மாவும் எழுதுகிறார்கள்.

அந்த மாவைக் கொதிநீரில் கொட்டினால் கட்டிபட்டு வாடை அடிக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீர் கொஞ்சம் விட்டுக் குழைத்து, அப்புறம் வடித்த பயற்றங்கஞ்சியில் கலந்தேன். அரைக் கோப்பைக்கு மேல் இறங்காது. அதனால் அடிக்கடி அரைக் கோப்பை. கீரிமீனை முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து ஊட்டினேன். கிண்ணியாத் தயிரை மட்டும் அவனே கேட்டுச் சாப்பிட்டான். தோல் ஒட்டும் ஒப்பரேஷன் நாட்களில் வெறும் வயிறு; அந்தக் குறையை இரவில் மூக்குக் குழாயால் போன பால்தான் ஈடுகட்டியது.

காயத்தில் வடியும் நீரோடு துத்தநாகம், செம்பு, செலினியம் எல்லாம் போய்விடும். வெந்த தோலில் விட்டமின் டியும் சரியாக உண்டாகாது. இவற்றுக்கு வார்டில் தருவதே போதும். குளுட்டமின் என்ற புரதக் கூற்றைத் தனியாக வாங்கிக் கொடுக்கச் சொல்லி வட்ஸ்அப்பில் பலர் அனுப்பினார்கள். சுமார் 1,200 தீக்காய நோயாளிகளிடம் செய்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில், அது வீடு திரும்பும் நாளை முந்த வைக்கவில்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் உடம்பு மாதக்கணக்காக, ஒரு வருடத்துக்கு மேலும்கூட, இப்படியே கேட்கும். கிழமைக்கொருதரம் எடை பாருங்கள். சீனி வருத்தமோ சிறுநீரக வருத்தமோ இருந்தால் டொக்டரைக் கேட்டு அளவைக் கூட்டுங்கள்.