நூறு வயதானால் கப்பல் ஏறாது

150 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பாட்டிலை 3,200 ரூபாய்க்கு விற்றேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதற்காகப் போட்ட மூன்று அரைநாள் விடுப்பு, ஒரு காரைக்குடி பயணம், வீட்டில் வாங்கிய பேச்சு எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை. இரண்டு மாதம் அலைந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இனிமேல் அலையப் போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் பெரிய சேகரிப்பாளன் கிடையாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால் மை பாட்டில், மருந்து பாட்டில், சோடா பாட்டில் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவேன். பால்கனி அலமாரியில் நாற்பது சேர்ந்துவிட்டது. "இதை எடுத்துக்கிட்டுப் போக ஒரு ஆளைக் கூப்பிடவா?" என்று மனைவி பழைய பேப்பர்காரரை மனதில் வைத்துக் கேட்டபோதுதான் ஒன்றையாவது விற்றுக் காட்டுவோம் என்ற ரோஷம் வந்தது.

எடுத்தது ஒரு கோலி சோடா பாட்டில். வெளிர் நீலமும் பச்சையும் கலந்த நிறம். கழுத்தில் இரண்டு விரலால் கிள்ளிவிட்ட மாதிரி பள்ளம், உள்ளே கோலி. உடம்பில் மெட்ராஸ் என்றும், பாதி தேய்ந்த ஒரு கம்பெனிப் பெயரும் ஆங்கிலத்தில் புடைப்பெழுத்தாக இருந்தன. அடிப்பக்கம் ஓரமாகப் பார்ன்ஸ்லி என்ற ஊர்ப் பெயர். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் பன்னீர் சோடா குடித்தவர்களுக்கு இது நம்முடைய சாமான் மாதிரித்தான் தெரியும். ஆனால் ஹிராம் காட் என்ற லண்டன்காரர் 1872இல் காப்புரிமை வாங்கிய வடிவம் இது. யார்க்‌ஷயரில் இருக்கும் பார்ன்ஸ்லி இந்த பாட்டில்களுக்கு அந்தக் காலத்தில் பேர் போன ஊர்.

முதல் தப்பை அன்று இரவே செய்தேன். பாட்டிலுக்குள் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதில் மணலும் தண்ணீரும் போட்டு அரை மணி நேரம் குலுக்கினேன். சின்ன வயதில் எண்ணெய் பாட்டிலை அப்படித்தான் கழுவியிருக்கிறோம். படிவு கொஞ்சம் போனது. காலையில் வெயிலில் பிடித்துப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க மெல்லிய கீறல்கள். அழுக்கு இருந்தபோது பழசாகத் தெரிந்தது, இப்போது தேய்ந்துபோனதாகத் தெரிந்தது. வெள்ளைப் படிவு உப்புத்தண்ணீர்க் கறையாக இருந்தால் வினிகரில் இரண்டு நாள் ஊறப்போட்டாலே கரைந்துவிடும். கரையவில்லை என்றால் அது படிவே அல்ல, மண்ணுக்குள் கிடந்து கண்ணாடியே நோய்ப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதை மணலோ சோப்போ ஒன்றும் செய்யாது. ஆசிட் பக்கம் போகவே போகாதீர்கள்.

இரண்டாவது தப்பு இணையத்தில் விலை பார்த்தது. அடர் நீலத்தில் இதே மாதிரி பாட்டில் ஒன்றுக்குப் பல ஆயிரம் பவுண்டு போட்டிருந்தார்கள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பிறகுதான் இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, இந்தச் சாமானில் நிறம்தான் ராஜா. அடர் நீலமும் தேன் நிறமும் அபூர்வம், என்னுடைய வெளிர் நிறம்தான் எங்கும் கிடைப்பது. இரண்டு, அது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி இருக்கிறது. அதைத் தட்டியதும் பவுண்டு எல்லாம் இரண்டு இலக்கத்துக்கு இறங்கிவிட்டது.

சரி, நேரில் ஒருவரிடம் காட்டுவோம் என்று ஒரு கல்யாணத்தைச் சாக்காக வைத்துக் காரைக்குடி போனேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த மரத்தூண், எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் தெருவரைக்கும் அடுக்கியிருப்பார்கள். ஒரு கடைக்காரர் பாட்டிலைக் கையில் வாங்கக்கூட இல்லை. "கோலி சோடா பாட்டில்தானேண்ணே. உள்ள ஒரு மூட்டை கிடக்கு, வந்து பாருங்க" என்றார். உள்ளே உண்மையிலேயே ஒரு சாக்கு மூட்டை இருந்தது. பார்ன்ஸ்லியைக் காட்டினேன். "300 தர்றேன், வச்சுட்டுப் போங்க." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஓட்டல் அலங்காரத்துக்கு மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு விற்பவர் அவர். அவருக்கு எழுத்து முக்கியமில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். தப்பான ஆளிடம் விலை கேட்டது நான்.

உருப்படியாகப் பார்த்துச் சொன்னவர் மதுரையில் இருக்கும் ஒரு பெரியவர். நாற்பது வருடமாக பாட்டில் மட்டும் சேர்க்கிறவர். நண்பர் மூலம் எண் கிடைத்தது. படம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"தம்பி, வாய்ப்பக்கம் கிட்டத்துல ஒரு படம் எடுங்க. பக்கவாட்டுல ஒரு கோடு ஓடுதா? அது வாய் வரைக்கும் போகுதா, கழுத்தோட நிக்குதா?"

கழுத்துக்கு மேலே போய்க் காணாமல் போயிருந்தது. அச்சில் வார்த்த கோடு அது. முழுக்க இயந்திரத்தில் செய்த பாட்டிலில் கோடு உதடு வரைக்கும் ஏறியிருக்கும். உதட்டைக் கையால் தனியாக வைத்து உருட்டியிருந்தால் அங்கே கோடு அழிந்துவிடும். தானாக ஓடும் பாட்டில் இயந்திரம் 1903இல்தான் அமெரிக்காவில் வந்தது. ஆனால் இந்தக் கோட்டை மட்டும் நம்பக் கூடாது என்று அவரே எச்சரித்தார். உத்தரப் பிரதேசத்தில் கண்ணாடி வேலைக்குப் பேர் போன ஃபிரோசாபாத்தில் இன்றைக்கும் கோலி பாட்டில் செய்கிறார்கள், அதில் பாதி கைவேலை. அதனால் அடியைப் பார்க்கச் சொன்னார். பழையதில் அடிவட்டம் முழுக்க மங்கிப்போயிருக்கும். மரப்பெட்டியில் பல வருடம் ஏறி இறங்கி உரசிய தேய்மானம் அது. புதிதாகச் செய்து பழசு என்று விற்பதில் எழுத்து மட்டும் கூராக நிற்கும், அடி பளபளவென்று இருக்கும். கண்ணாடிக்குள் குட்டிக் குட்டிக் காற்றுக்குமிழிகள் இருப்பதையும் பார்த்தார்.

கடைசியில் கேட்டார்: "உள்ள என்ன தம்பி கீறலா இருக்கு?"

சொன்னேன்.

"மணலா போட்டீங்க?" அதற்கப்புறம் ஒரு நிமிடம் அவர் பேசவேயில்லை.

கழுத்துக்குள் கருகிப்போன ரப்பர் வாஷரை எடுத்துவிட்டுப் புதிது போடவா என்று கேட்டதற்கு, "தயவுசெஞ்சு இனிமே அதைத் தொடாதீங்க" என்றார். மதிப்பு 3,000 முதல் 4,000 வரை, அதுவும் மெட்ராஸ் என்ற எழுத்துக்காக. கீறல் இல்லாவிட்டால் இன்னும் ஆயிரம் சேர்ந்திருக்கும். அந்த ஆயிரத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இணையத்தில் போட்ட படத்தைப் பார்த்து இங்கிலாந்திலிருந்து ஒருவர் எழுதினார். பார்ன்ஸ்லியில் செய்து வெளிநாட்டுக்குப் போன பாட்டில்களை மட்டும் சேர்ப்பவராம். 80 பவுண்டு தருகிறேன், அனுப்பும் செலவும் என்னுடையது என்றார். 8,000 ரூபாய்க்கு மேல்! மனைவியிடம் அன்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திப் பேசினேன்.

பாட்டிலைச் சுற்றிக் குமிழி உறை, அதைச் சுற்றிப் பழைய போர்வைத் துண்டு, பெட்டிக்குள் பெட்டி என்று கட்டிக் கூரியருக்கு எடுத்துப் போனேன். கவுன்டரில் இருந்த பையன் படிவத்தைப் பார்த்தான். உள்ளே என்ன என்ற இடத்தில் 'பழங்காலக் கண்ணாடி பாட்டில்' என்று பெருமையாக எழுதியிருந்தேன். "பழங்காலமா? அப்ப தொல்பொருள் இல்லைன்னு சர்டிபிகேட் வேணும் சார்."

அவன் சொன்னது சரிதான். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறு வருடமோ அதற்கு மேலோ ஆன கலைப்பொருள், கைவினைப்பொருள், சரித்திர முக்கியத்துவம் உள்ள பொருள் எதையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கையெழுத்துச் சுவடி என்றால் 75 வருடமே போதும். சந்தேகம் வருகிற சாமானுக்கு, இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையின் சான்றிதழ் வேண்டும். உள்நாட்டில் நம்மிடம் இருக்கிற ஒன்றை விற்பது வேறு. அதையே தொழிலாகச் செய்தால் உரிமம் வாங்க வேண்டும். இவ்வளவும் நான் தெரிந்துகொண்டது பெட்டியைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கி வந்த பிறகு.

சான்றிதழுக்காக மூன்று முறை அலைந்தேன். முதல் தடவை, இந்த விண்ணப்பத்தைப் பார்ப்பவர் அன்று வரவில்லை. போன் செய்துவிட்டுப் போயிருக்க வேண்டும், ஆனால் போனை எடுத்தால்தானே! இரண்டாவது தடவை, புகைப்படத்தில் பாட்டிலின் அடி தெரியவில்லை, பக்கத்தில் அளவுகோல் வைக்கவில்லை என்று திருப்பிவிட்டார்கள். பாட்டில் கையிலேயே இருக்கிறது, அளந்து பாருங்கள் என்றேன். ஃபைலில் பாட்டிலை வைக்க முடியாது சார் என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

மூன்றாவது தடவை எதிலும் குறை சொல்ல முடியாதபடி போனேன். நான்கு பக்கமும் படம், அடிக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று, அளவுகோலோடு. போதாததற்கு, மதுரைப் பெரியவர் சொன்னதை எல்லாம் தொகுத்து இரண்டு பக்கக் குறிப்பு வேறு தட்டச்சு செய்து இணைத்திருந்தேன். அச்சுக்கோடு, கை உதடு, காற்றுக்குமிழி, பார்ன்ஸ்லி எல்லாம் அதில் இருந்தது. எழுத்தர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாக ஒரு வரி விடாமல் படித்தார். சோடாப்புட்டிக் கண்ணாடி, சந்தர்ப்பத்துக்குப் பொருத்தமாக. படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"இது 1903க்கு முந்தினதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார்."

"ஆமா சார்" என்றேன், பாராட்டப் போகிறார் என்ற நினைப்பில்.

"அப்ப இதுக்கு நூறு வருஷம் ஆகலைன்னு நாங்க எப்படி சார் எழுதித் தர்றது?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் சிக்கலின் முழு அழகும் தெரிந்தது. பழசு என்று நிரூபித்தால் பாட்டில் கப்பல் ஏறாது. பழசு இல்லை என்று சான்றிதழ் வாங்கினால் அந்த இங்கிலாந்துக்காரர் எதற்காக 80 பவுண்டு தருவார்? லட்சக்கணக்கில் வார்த்த சோடா பாட்டில் தொல்பொருளாகுமா என்பதையெல்லாம் குழு கூடிப் பார்த்து முடிவு செய்யும், கூப்பிடுவோம் என்று விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். குறிப்பை மட்டும் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்தேன். முத்திரை குத்திவிட்டிருந்தார்கள்.

இங்கிலாந்துக்காரருக்கு உள்ளதைச் சொல்லி எழுதினேன். பரிசுப்பொருள் என்று எழுதி அனுப்பிவிடுங்களேன் என்றார். சுங்கத்தில் மாட்டினால் அவரா வரப்போகிறார்? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் மதுரைப் பெரியவரே கோயம்புத்தூரில் ஒருவரைக் கைகாட்டினார். சென்னைக்கு வேலையாக வந்தவர் ஞாயிறு காலை வீட்டுக்கே வந்துவிட்டார். கொடுத்த காபியை ஆறவிட்டுவிட்டு பாட்டிலை எடுத்தார். வாய் விளிம்பைச் சுற்றி நகத்தை மெதுவாக ஓட்டினார், எங்கேயாவது சில்லு தட்டுகிறதா என்று. அடியில் டார்ச் அடித்தார். கவிழ்த்துக் கோலியை உருட்டிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். அப்புறம் நான் எதிர்பார்த்த கேள்வி.

"உள்ள கீறல்?"

"நான்தாங்க. மணல் போட்டுக் கழுவிட்டேன்."

மறைத்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார், பேரம் அங்கேயே முடிந்திருக்கும். சிரித்துவிட்டு, அவர் முதலில் செய்த தப்பும் அதுதான் என்றார். நான் 4,000 சொன்னேன், அவர் 2,800 கேட்டார், 3,200இல் நின்றது. காரைக்குடி போய்வந்த பேருந்துக் காசு 900ஐ இதில் கழிக்க வேண்டும் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

மூன்று வாரம் கழித்து, அலுவலக நேரத்தில் ஒரு போன்.

"சார், அடுத்த வாரம் குழு கூடுது. பாட்டிலை எடுத்துக்கிட்டு வந்துடுங்க."

"வித்துட்டேனே சார். இங்கேயே, உள்ளூர்ல."

ஃபைலைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்படின்னா விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கறேன்னு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துடுங்க. நேர்ல வரணும் சார்."